ட்யூப், பாலாடை, மார்பு: குறைமாதக் குழந்தை பால் குடிக்கக் கற்கும் வழி

கர்ப்பத்தின் 30 வாரத்தில், 1,300 கிராம் எடையில் ஒரு குழந்தை பிறந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வாய்க்குள் ஒரு மெல்லிய ட்யூப், கையில் ட்ரிப்ஸ். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை 2 மி.லி. பால் கொடுக்கிறோம் என்று சிஸ்டர் சொல்கிறார். வெளியே நிற்கும் பாட்டிக்கு அது அரை ஸ்பூன்கூட இல்லை. பிள்ளையைப் பட்டினி போடுகிறார்களோ என்ற சந்தேகம் வருவது இயல்புதான்.

பட்டினி போடவில்லை. குழந்தையின் வாய் பால் குடிக்கத் தயாராக இன்னும் நான்கைந்து வாரம் ஆகும். தாயின் மார்போ அத்தனை நாள் சும்மா காத்திருக்காது. பால் எடுக்காவிட்டால் சுரப்பு அடங்கிவிடும். வாய் தயாராகும் நாள்வரை குழந்தையையும் வளர்க்க வேண்டும், பாலையும் வற்றவிடாமல் காக்க வேண்டும். குறைமாதக் குழந்தைக்குப் பாலூட்டுவதில் வரும் சிக்கல்களில் பெரும்பாலானவை, இந்த இரண்டில் ஒன்றைக் கவனித்து மற்றதை விட்டுவிடுவதால் வருபவை.

உறிஞ்சத் தெரியும், குடிக்கத் தெரியாது

28 வாரக் குழந்தைகூட வாயில் வைத்த விரலைச் சப்பும். அதைப் பார்த்துவிட்டு "பசிக்குது, பாலைக் கொடுங்க" என்பார்கள். சப்புவது வேறு, குடிப்பது வேறு. பால் குடிக்க மூன்று வேலைகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தவறாமல் நடக்க வேண்டும்: உறிஞ்ச வேண்டும், விழுங்க வேண்டும், விழுங்கும் நொடியில் நிறுத்திய மூச்சை உடனே திரும்ப எடுக்க வேண்டும். இந்த ஒழுங்கு கர்ப்ப வாரக் கணக்கில் 32 வாரத்துக்குப் பிறகுதான் மெல்லப் பிடிபடும். 34 வாரத்தில் ஓரளவு கைகூடும். சீராக 36, 37 வாரம்கூட ஆகலாம். அதற்கு முன் வாயில் பாலை ஊற்றினால் புரையேறும், பால் நுரையீரலுக்குப் போகும், இல்லையென்றால் மூச்சே சில நொடிகள் நின்றுவிடும்.

அதனால்தான் பாலூட்டும் முறையை எடையைவிட, கர்ப்ப வாரத்தை வைத்து முடிவு செய்கிறார்கள். 28 வாரத்துக்கு முன் பிறந்தால் முதல் நாட்களில் சத்து பெரும்பாலும் ரத்தக்குழாய் வழியாகத்தான். 28 முதல் 31 வாரம் வரை ட்யூப். 32 முதல் 34 வாரம் வரை பாலாடை (மூக்குள்ள சின்னக் கிண்ணம்) அல்லது ஸ்பூன். 34 தாண்டினால் நேரடியாக மார்பில் முயலலாம். இது பொதுவான வரிசை. மூச்சுத்திணறலோ கிருமித்தொற்றோ உள்ள 34 வாரக் குழந்தைக்கும் ட்யூப் தேவைப்படலாம். ஒரே வாரத்தில் பிறந்த இரட்டையரில் ஒன்று மார்புக்குப் போயிருக்க, மற்றொன்று பாலாடையிலேயே இருப்பதும் உண்டு. அதில் ஒப்பிட எதுவும் இல்லை.

அந்த 2 மி.லி. எதற்கு?

குடலும் முதிராத நிலையில் இருக்கிறது. உணவைத் தள்ளும் அசைவு மெதுவாக இருக்கும், குடலின் உள்சுவரும் மெல்லியது. அதே நேரம், ஒன்றுமே கொடுக்காமல் காயப்போட்டால் அந்தச் சுவர் இன்னும் மெலியும். ஆகவே பசியாற்றுவதற்காக இல்லாமல், குடலைப் பழக்குவதற்காகவே சிறிதளவு பால் தொடங்கப்படுகிறது. வழக்கமாக இது ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 10 முதல் 20 மி.லி. நம் குழந்தைக்கு 20 என்று வைத்தால் நாளுக்கு 26 மி.லி.; 12 வேளையாகப் பிரித்தால் வேளைக்கு 2 மி.லி. சொச்சம். உடம்புக்குத் தேவையான மற்ற நீரும் சத்தும் ட்ரிப்ஸில் போய்க்கொண்டிருக்கும்.

குழந்தை தாங்கினால் கிலோவுக்கு 20 முதல் 30 மி.லி. வீதம் தினமும் கூட்டுவார்கள். அதாவது நம் குழந்தைக்கு ஒவ்வொரு வேளையிலும் இரண்டு மூன்று மி.லி. கூடும். கிலோவுக்கு 150 மி.லி. எட்டும்போது நாளுக்கு 195, வேளைக்கு 16 மி.லி. அளவு. பொதுவாக இந்தக் கட்டத்துக்குள் ட்ரிப்ஸ் கழன்றுவிடும். தடங்கல் இல்லாவிட்டால் ஒரு வாரம், பத்து நாளில் இங்கே வந்துவிடலாம். பிறகு தேவையைப் பார்த்து 160, 180 வரை போவார்கள்.

முதல் வாரத்தில் எடை குறையும். பிறந்த எடையில் பத்தில் ஒரு பங்கு இறங்குவது சாதாரணம்; மிகச் சிறிய குழந்தைகளில் அதற்குச் சற்று மேலும் போகும். பிறந்த எடைக்குத் திரும்பப் பத்து முதல் பதினான்கு நாள் ஆகும். அதுவரை தராசைப் பார்த்துப் பார்த்துக் கலங்க வேண்டாம்.

ட்யூப்

குறைமாதக் குழந்தைக்குப் போடுவது பெரும்பாலும் 5 அல்லது 6 ஃப்ரெஞ்ச் (தடிமனைக் குறிக்கும் அலகு) அளவு ட்யூப். மூக்கு வழியாகவும் போடலாம், வாய் வழியாகவும் போடலாம். பிறந்த குழந்தை மூக்கால்தான் மூச்சு விடும் என்பதால், மூச்சு சிரமமுள்ள சின்னக் குழந்தைக்கு வாய் வழி வசதி. நுழைக்க வேண்டிய நீளத்தை மூக்கிலிருந்து காது மடலின் கீழ்நுனி வரைக்கும், அங்கிருந்து மார்பெலும்பு நுனிக்கும் தொப்புளுக்கும் நடுப்புள்ளி வரைக்கும் அளக்கிறார்கள். உதட்டருகே ட்யூபில் எந்த சென்டிமீட்டர் கோடு தெரிகிறது என்று குறித்துவைப்பார்கள். தாயும் அந்த எண்ணைத் தெரிந்துகொள்வது நல்லது. பிளாஸ்டர் நனைந்து ட்யூப் இரண்டு சென்டிமீட்டர் வெளியே வந்திருந்தால் முதலில் கண்ணில் படுவது அம்மாவுக்குத்தான். அப்படி இருந்தால் தானே உள்ளே தள்ளாமல் சிஸ்டரைக் கூப்பிட வேண்டும்.

ஒவ்வொரு முறையும் பால் விடுமுன் ட்யூப் இரைப்பையில்தான் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். சிறிது திரவத்தை உறிஞ்சி, அமிலத்தன்மையைக் காட்டும் பி.எச். தாளில் 5.5 அல்லது அதற்குக் கீழே வருகிறதா என்று பார்ப்பது நம்பகமானது. காற்றைச் செலுத்தி ஸ்டெதாஸ்கோப்பில் சத்தம் கேட்பதை மட்டும் நம்ப முடியாது.

பாலைத் தள்ளக் கூடாது. சிரிஞ்சின் தண்டைக் கழற்றிவிட்டு, குழலை மட்டும் ட்யூபில் பொருத்தி, குழந்தைக்குச் சற்று மேலே பிடித்துப் பாலை ஊற்றினால் அது தானாக இறங்கும். 10 முதல் 15 நிமிடம் எடுக்க வேண்டும். சிரிஞ்சைத் தாழ்த்தினால் வேகம் குறையும், உயர்த்தினால் கூடும். வார்டில் வேலை குவியும் வேளையில் "சீக்கிரம் முடியட்டும்" என்று தண்டைப் போட்டு அழுத்துவதுதான் பல வாந்திகளுக்கும் வயிற்று உப்பலுக்கும் காரணம். ட்யூபில் பால் இறங்கும்போது குழந்தை தாயின் நெஞ்சில் படுத்திருந்தாலோ, பால் எடுத்து வெறுமையாக்கிய மார்பைச் சப்பிக்கொண்டிருந்தாலோ இரட்டை லாபம்: சப்பினால் வயிறு நிறையும் என்று அதற்குப் பழகும்.

பால் எடுப்பது: இதைத் தள்ளிப்போட முடியாது

பிறந்து ஒரு மணி நேரத்துக்குள் தொடங்குவது சிறப்பு. சிசேரியன் என்றாலும் ஆறு மணி நேரத்தைத் தாண்டவிடக் கூடாது. குழந்தைதான் குடிக்கவில்லையே, பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று மூன்று நாள் விட்டால், அந்த மூன்று நாளை ஈடுகட்டுவது பெரும்பாடு. 24 மணி நேரத்தில் குறைந்தது 8 முறை எடுக்க வேண்டும். 10, 12 என்றால் இன்னும் நல்லது. பாலைச் சுரக்கவைக்கும் ஹார்மோன் இரவில்தான் அதிகம் என்பதால் இரவில் ஒரு முறையாவது கட்டாயம். "இராத்திரி நல்லா தூங்கும்மா, காலையில பாத்துக்கலாம்" என்ற அன்பான வார்த்தை இந்த ஒரு விஷயத்தில் உதவாது.

முறை இதுதான். கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, சற்று முன்னால் சாய்ந்து உட்கார்ந்து, மார்பை மெல்ல வருடிவிட வேண்டும். காம்பின் அடியிலிருந்து மூன்று நான்கு சென்டிமீட்டர் தள்ளி, மேலே கட்டைவிரல், கீழே ஆள்காட்டிவிரல். முதலில் விலா எலும்பை நோக்கி நேர் உள்ளே அழுத்தவும், பிறகு இரு விரல்களையும் ஒன்றையொன்று நோக்கி அழுத்தவும், விடவும். அழுத்து, விடு, அழுத்து, விடு. தோல்மேல் விரல் வழுக்கி ஓடக் கூடாது, காம்பைப் பிடித்து இழுக்கக் கூடாது. முதல் ஒன்றிரண்டு நிமிடம் ஒன்றும் வராது. பலர் அங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். ஒரு பக்கம் நான்கைந்து நிமிடம், ஓட்டம் குறைந்ததும் மறுபக்கம், திரும்பவும் முதல் பக்கம் என்று மாற்றி மாற்றி மொத்தம் 20 முதல் 30 நிமிடம். விரல்களின் இடத்தையும் சுற்றி மாற்றினால்தான் எல்லாப் பகுதியும் காலியாகும்.

முதல் நாள் வருவது சில சொட்டுதான். மஞ்சளாக, கெட்டியாக இருக்கும் அந்தச் சீம்பாலைக் கிண்ணத்தில் பிடித்தால் கிண்ணத்திலேயே ஒட்டிப் போய்விடும். 1 மி.லி. சிரிஞ்சை எடுத்து, காம்பில் துளிர்க்கும் சொட்டை அப்படியே உறிஞ்சிக்கொள்ள வேண்டும். குழந்தைக்குப் பால் தொடங்காத நிலையிலும் 0.1 மி.லி. சீம்பாலைக் கன்னத்தின் உட்பக்கம் தடவுவது பல என்.ஐ.சி.யூ.க்களில் (பச்சிளங்குழந்தை தீவிர சிகிச்சைப் பிரிவுகளில்) வழக்கம். ஆக ஒரு சொட்டும் வீணில்லை.

மூன்றாம் நாள், நான்காம் நாளில் பால் ஏறும். குறைப்பிரசவத்தில் இது ஓரிரு நாள் தாமதமாகலாம். பம்ப் இருந்தால் நேரம் மிச்சம். முதல் இரண்டு நாள் சீம்பாலுக்குக் கைதான் மேல். இரண்டாம் வார முடிவில் நாளுக்கு 500 மி.லி. எட்டுவதை இலக்காக வைத்துக்கொள்ளலாம். குழந்தைக்கு 200 மி.லி. அளவே தேவைப்படும் நேரத்தில் இவ்வளவு ஏன்? ஒரு மாதம் கழித்து அதற்கு 400 தேவைப்படும்போது சுரப்பைப் புதிதாகக் கூட்டுவது கடினம் என்பதால்தான்.

எடுத்த பாலை மூடியுள்ள சுத்தமான பாத்திரத்தில் ஊற்றி, பெயர், தேதி, நேரம் எழுதி ஒட்டவும். வெளியே 4 மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். நம் ஊர்ச் சித்திரை வெயிலில் அவ்வளவுகூடக் காத்திராமல் உடனே ஃபிரிட்ஜுக்கு அனுப்புவது நல்லது. ஃபிரிட்ஜில் கதவுப் பக்கம் வைக்காமல் உள்ளே தள்ளி வைக்கவும். குறைமாதக் குழந்தைக்கு என்றால் 24 மணி நேரத்துக்குள் பயன்படுத்திவிடுங்கள். சூடாக்க, பாத்திரத்தை வெதுவெதுப்பான நீரில் வைத்தால் போதும். அடுப்பில் கொதிக்கவிடக் கூடாது, மைக்ரோவேவ் கூடவே கூடாது. மேலே மிதக்கும் ஆடை போன்ற கொழுப்பை வடிகட்ட வேண்டாம். மெல்லச் சுழற்றிக் கலந்துவிடுங்கள். குழந்தையின் எடை ஏற அந்தக் கொழுப்பு முக்கியம்.

கங்காரு முறையும் பால் சுரப்புக்கான வேலையே. கொலம்பியாவின் பொகோட்டாவில் 1970களின் இறுதியில், இன்குபேட்டர் பற்றாக்குறையைச் சமாளிக்கத் தொடங்கிய முறை இது. டயப்பர், தொப்பி, காலுறை மட்டும் போட்டு, தாயின் வெறும் நெஞ்சில் தோலோடு தோலாக நிமிர்த்தி வைத்துக் கட்டிக்கொள்வார்கள். பிறந்ததிலிருந்தே, நாளுக்கு 8 முதல் 24 மணி நேரம் வரை என்று உலக சுகாதார நிறுவனம் 2022இல் பரிந்துரைத்தது. இப்படி வைத்திருந்துவிட்டு உடனே பால் எடுத்தால் கூடுதலாக வரும். அப்பாவும் பாட்டியும்கூட முறைவைத்துக் கட்டிக்கொள்ளலாம்.

தாய்ப்பால் போதாவிட்டால்

அடுத்த தேர்வு வங்கிப் பால். மும்பை சயான் மருத்துவமனையில் 1989இல் தொடங்கிய தாய்ப்பால் வங்கி ஆசியாவிலேயே முதலாவது. தமிழ்நாட்டிலும் 2014 முதல் அரசு மருத்துவமனைகளில் வங்கிகள் உள்ளன. கொடையாளித் தாயைப் பரிசோதித்து, பாலை 62.5 டிகிரி செல்சியஸில் 30 நிமிடம் வைத்துக் கிருமி நீக்கிக் கொடுப்பார்கள். பக்கத்துக் கட்டில் தாயிடம் நேரடியாக வாங்கிக் கொடுப்பது இதற்கு ஈடாகாது. வங்கிப் பாலும் கிடைக்காதபோதுதான் குறைமாதக் குழந்தைக்கான பவுடர் பால், அதுவும் மருத்துவர் எழுதிக் கொடுத்தால். மாவுப் பாலில் வளரும் குறைமாதக் குழந்தைகளுக்குக் குடல் அழுகல் நோய் வரும் ஆபத்து அதிகம்.

சில குழந்தைகளுக்குத் தாய்ப்பால் போதுமான அளவு போயும் சத்து போதாது. கருவில் கடைசி மூன்று மாதத்தில்தான் கால்சியம், பாஸ்பரஸ், இரும்பு எல்லாம் தாயிடமிருந்து சேர்கின்றன. இந்தக் குழந்தை அதை வாங்குமுன்னே வெளியே வந்துவிட்டது. அதனால் 1,500 கிராமுக்குக் குறைந்த எடையில் பிறந்தவர்களுக்கு, பால் கிலோவுக்கு 100 மி.லி. எட்டியபின் ஊட்டச்சத்துப் பொடி கலப்பார்கள். பல தயாரிப்புகளில் 1 கிராம் பாக்கெட் 25 மி.லி. பாலுக்கு. 12 மி.லி. பாலுக்கு அரைப் பாக்கெட் என்று கண்ணால் மதிப்பிட்டுப் போடாதீர்கள். செறிவு கூடினால் குடல் தாங்காது. 25 மி.லி. பாலில் முழுவதையும் கலந்து, அதிலிருந்து தேவையானதை எடுப்பதே சரி.

பாலாடை

நம் வீடுகளில் சங்கு என்றும் சங்கடை என்றும் பாலாடை என்றும் சொல்லும் அந்த மூக்குள்ள சின்னக் கிண்ணம் இன்று நாடெங்கும் என்.ஐ.சி.யூ.க்களில் இருக்கிறது. பாட்டி கையாளும் முறை மட்டும் இங்கே வேண்டாம்: குழந்தையை மடியில் மல்லாக்கப் போட்டு, வாயைப் பிளந்து, தொண்டைக்குள் ஊற்றுவது நிறைமாதக் குழந்தைக்கே ஆபத்து.

குழந்தை விழித்திருக்க வேண்டும். கைகளைச் சேர்த்துத் துணியால் சுற்றி, தலையையும் கழுத்தையும் தாங்கி, பாதி உட்கார்ந்த நிலையில் பிடிக்கவும். கழுத்துக்கீழே ஒரு துணி. பாலாடையின் நுனியைக் கீழுதட்டில், வாயின் ஓரமாக வைத்துச் சாய்த்தால் பால் உதட்டைத் தொட்டு நிற்கும். குழந்தை நாக்கை நீட்டும், நக்கும், ஒரு வாய் உள்ளே இழுக்கும். விழுங்கிவிட்டதா என்று தொண்டையைப் பார்க்கவும். மூச்சு ஓரிரு முறை வந்துபோன பிறகு அடுத்த வாய். குழந்தை இழுக்க வேண்டும், நாம் ஊற்றக் கூடாது.

20 நிமிடம், அதிகம் போனால் 30 நிமிடம். அதற்குள் முடியாவிட்டால் மீதியை ட்யூபில் கொடுத்துவிடலாம். முக்கால் மணி நேரம் போராடி 25 மி.லி. முழுவதையும் வாயால் குடிக்கவைத்தால் வெற்றி போலத் தெரியும்; அந்த 25 மி.லி. தந்த தெம்பைக் குழந்தை அதைக் குடிப்பதற்கே செலவழித்திருக்கும். எடை நின்றுபோகும். துணியில் சிந்தியதையும் கணக்கில் கழிக்க மறக்காதீர்கள். பாலாடையை ஒவ்வொரு முறையும் சோப்பில் கழுவி, குறைந்தது 10 நிமிடம் நீரில் கொதிக்கவிட வேண்டும்.

குழந்தை "போதும்" என்பதை உடம்பால் சொல்லும்: விரல்களை விறைத்து விரிக்கும், புருவம் சுருங்கும், வாயைச் சுற்றி நீலமோ வெளிறலோ படரும், பால் வாயோரம் வழியும், திடீரெனத் துவண்டு தூங்கிவிடும். இதில் எது தெரிந்தாலும் பாலாடையை எடுத்துவிட்டு மூச்சைப் பார்க்க வேண்டும். தட்டித் தட்டி எழுப்பி ஊற்றினால், சில வாரங்களில் வாயருகே எதைக் கொண்டுபோனாலும் முகத்தைத் திருப்பும் குழந்தை உருவாகும். அந்த வெறுப்பைப் போக்குவது ட்யூபைக் கழற்றுவதைவிடக் கடினம்.

பாட்டில் நிப்பிளில் ஓட்டம் வேகம், புரையேறும், கழுவுவதும் சிரமம். இந்தியாவில் 1992ஆம் ஆண்டுச் சட்டப்படி பாட்டிலுக்கும் குழந்தைப் பால்மாவுக்கும் விளம்பரமே செய்யக் கூடாது. பாட்டிலே வழக்கமான வெளிநாட்டு மருத்துவமனைகளில், மெதுவான ஓட்டமுள்ள நிப்பிளைப் போட்டு, குழந்தையை ஒருக்களித்துப் படுக்கவைத்து, நான்கைந்து உறிஞ்சலுக்கு ஒரு முறை பாட்டிலைத் தாழ்த்தி மூச்சுவிடச் செய்வார்கள்.

மார்புக்கு

முதல் சில நாட்கள், பாலை எடுத்துவிட்டுக் குழந்தையை மார்பில் விடுவது பாதுகாப்பு. நிறைந்த மார்பில் பால் பீறிட்டு வந்தால் மூச்சுத் திணறும். வலது மார்பில் கொடுக்கிறீர்கள் என்றால் குழந்தையை இடது கையால் பிடியுங்கள்: முன்கையில் அதன் உடல், உள்ளங்கையில் கழுத்தும் தோளும். வலது கை மார்பைத் தாங்கும். குறைமாதக் குழந்தைக்கு உடம்பை நோக்கத் தலை கனம் என்பதால் வழக்கமான மடிப் பிடியில் தலை சரியும், காம்பு நழுவும். பின்மண்டையை அழுத்தாதீர்கள், அது தலையைப் பின்னால் தள்ளும்.

நான்கு முறை உறிஞ்சிவிட்டு அரை நிமிடம் சும்மா இருக்கும்; அது ஓய்வெடுக்கிறது. முதலில் நாளுக்கு ஒன்றிரண்டு முறை மட்டும் மார்பு, மற்றவை பாலாடை. மார்பில் குடித்த பிறகும் மீதியைப் பாலாடையில் கொடுத்து, தாய் பால் எடுப்பதையும் தொடர வேண்டும். "நேரா குடிக்குது, இனி எதுக்கு எடுக்கணும்" என்று அன்றே நிறுத்தினால் சுரப்பு குறையும். குழந்தையின் உறிஞ்சலுக்கு இன்னும் மார்பைக் காலிசெய்யும் வலு வரவில்லை.

எது சாதாரணம், எது அவசரம்

பால் குடித்தபின் வாயோரம் கொஞ்சம் திரிந்த பால் எதுக்களிப்பது பெரும்பாலும் சாதாரணம். இரைப்பையின் மேல்வாய் இன்னும் இறுகவில்லை, அவ்வளவுதான். எடை ஏறிக்கொண்டிருந்தால் மருந்து தேவையில்லை. குடித்தபின் அரை மணி நேரம் நெஞ்சோடு நிமிர்த்தி வைத்தால் போதும்.

பச்சை நிற வாந்தி, வயிறு பளபளவென்று இறுகி உப்புவது, மலத்தில் ரத்தம், நேற்றுவரை நன்றாகக் குடித்த குழந்தை திடீரெனக் குடிக்க மறுத்துத் துவள்வது, மூச்சு விட்டுவிட்டு நிற்பது, உடம்பு ஜில்லிடுவது: இவற்றில் ஒன்றே போதும், அடுத்த பாலை நிறுத்திவிட்டு உடனே மருத்துவரைப் பார்க்க. வீட்டில் என்றால் 108. குடல் அழுகல் நோயும் ரத்தத்தில் கிருமி பரவுவதும் இப்படித்தான் தொடங்கும். சில மணி நேரத் தாமதமே அதிகம்.

வீட்டுக்கு வந்தபின்

நாளுக்கு 20 முதல் 30 கிராம் ஏற வேண்டும். வாரம் ஒரு முறை, ஒரே தராசில் பார்த்தால் போதும். சிறுநீர் நாளுக்கு 6 முறையாவது போக வேண்டும். எடை நின்றால் முதலில் பார்க்க வேண்டியது கணக்கு. 1,300 கிராமுக்குப் போட்ட 195 மி.லி.யையே 1,600 கிராம் ஆன பிறகும் கொடுத்துக்கொண்டிருந்தால், கிலோவுக்கு 122 மி.லி.தான் போகிறது. 240 கொடுக்க வேண்டிய இடம் அது. அடுத்தது குளிர்: கை கால் சில்லிட்டிருந்தால் குடித்த பால் உடம்பைச் சூடாக்கவே தீர்ந்துவிடும். தினமும் தலைக்கு ஊற்றுவதைத் தள்ளிவைக்க இதுவே காரணம். மூன்றாவது, நீண்டு போகும் பாலாடை வேளைகள். இவை மூன்றும் சரியாக இருந்தும் ஏறாவிட்டால் ரத்தசோகை, தொற்று என்று மருத்துவர் தேடுவார்.

சொட்டு மருந்துகளில் வைட்டமின் டி தினமும் 400 ஐ.யூ. அல்லது மருத்துவர் சொன்ன அளவு. கடையில் ஒரு மி.லி.க்கு 400 உள்ள பாட்டிலும் கிடைக்கும், 800 உள்ளதும் கிடைக்கும். சீட்டில் "1 மி.லி." என்று மட்டும் இருந்து கடைக்காரர் வேறு பாட்டிலைத் தந்தால் அளவு இரட்டிப்பாகும். லேபிளைப் படியுங்கள். இரும்புச் சொட்டு பிறந்து இரண்டு முதல் நான்கு வாரத்தில் தொடங்கி, கிலோவுக்கு 2 முதல் 3 மி.கி. வீதம் எடைக்கேற்ப மாறும். மலம் கறுப்பது அதனால்தான்.

சேனை தொடுவது, சர்க்கரைத் தண்ணீர், கழுதைப்பால், உரை மருந்து, வசம்பு, க்ரைப் வாட்டர் எதுவும் இந்தக் குழந்தைக்கு வேண்டாம். தேன் ஒரு வயதுவரை எந்தக் குழந்தைக்குமே கூடாது. பெரியவர்கள் மனம் கோணாமல் இருக்க, "டாக்டர் எழுதித் தந்ததைத் தவிர எதுவும் கொடுக்கக் கூடாதாம்" என்று பழியை மருத்துவர்மேல் போட்டுவிடலாம்.

கூழ், கஞ்சி தொடங்கும் நாளுக்குப் பிறந்த தேதியை எண்ணாதீர்கள். பிரசவத்துக்குக் குறித்த தேதியிலிருந்து 6 மாதம் எண்ண வேண்டும். 30 வாரத்தில் பிறந்த நம் குழந்தை 10 வாரம் முந்தி வந்தது. அதற்கு அந்த 6 மாதம் நிறையும்போது பிறந்து எட்டு மாதம் கடந்திருக்கும். அப்போதும் தலை நிற்க வேண்டும், பிடித்தால் உட்கார வேண்டும், ஸ்பூனைக் கண்டு வாய் திறக்க வேண்டும். தடுப்பூசிக்கு மட்டும் இந்தக் கழித்தல் கிடையாது, அதற்குப் பிறந்த தேதிதான் கணக்கு.